கீஸ்லோவ்ஸ்கி சிறப்புத் தாள்: இரண்டாம் முறை எழுதித் தேறியவனின் குறிப்புகள்

முடிவு நேற்று வந்தது, தேறிவிட்டேன். சென்ற ஆண்டு, போலந்துத் திரைப்பட இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி ஆவணப்படத்தை விட்டு ஏன் விலகினார் என்ற வினாவுக்கு, எனக்குத் தலைகீழாகத் தெரிந்த ‘நீலம்’, ‘வெள்ளை’, ‘சிவப்பு’ ஆகிய அவரது கடைசி மூன்று படங்களின் கதையையும் நான்கு பக்கம் எழுதிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினேன். கிடைத்தது அரியர்.

ஆகவே இந்த முறை கடைசிப் படங்களைத் தொடாமல், ‘ரயில் நிலையம்’ (1980) என்ற சிறிய ஆவணப்படத்திலிருந்து தொடங்கினேன். வார்சா நிலையத்தில் அவர் எடுத்த படச்சுருள்களைக் காவல்துறை கைப்பற்றியது. ஒரு கொலை வழக்கில் தேடப்பட்ட பெண் அவற்றில் பதிவாகியிருக்கக்கூடும் என்று அவர்கள் கருதினார்கள். அவள் பதிவாகியிருக்கவில்லை. ஆனால் பதிவாகியிருந்தால், தாம் விரும்பாமலே காவல்துறைக்குத் துப்புக் கொடுத்தவராகியிருப்போமே என்ற எண்ணம் அவரை உலுக்கிவிட்டது. இதற்கு முந்தைய ‘கேமரா பஃப்’ (1979) படத்திலேயே, ஆர்வத்தால் படமெடுக்கும் ஒரு தொழிலாளியின் படம் உடன் பணிபுரிபவரின் வேலையைப் பறிப்பதையும், இறுதியில் அவன் கேமராவைத் தன் பக்கமே திருப்பிக்கொள்வதையும் அவர் காட்டியிருந்தார். இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் பாதித் தாள் முடிந்தது என்பேன். மிகைதான், ஆனால் என்னைக் காப்பாற்றியது இதுவே.

மற்றவை சுருக்கமாக:

- ‘டெக்கலாக்’ என்ற அவரது பத்துப் பகுதித் தொலைக்காட்சித் தொடரின் 5, 6ஆம் பகுதிகளுக்கு 1988இல் நீண்ட திரைவடிவங்கள் உண்டு. ஆறாவதன் முடிவு இரண்டு வடிவங்களிலும் ஒன்றல்ல, குழப்பிக்கொள்ள வேண்டாம்.
- ‘பிளைண்ட் சான்ஸ்’ 1981இல் எடுக்கப்பட்டு, 1987இல்தான் வெளிவந்தது. நாயகன் ரயிலைப் பிடித்தால் ஒரு வாழ்க்கை, தவறவிட்டால் வேறு இரண்டு.
- ‘நீலம்’ வெனிஸ் திரைப்பட விழாவில் முதன்மை விருதான தங்கச் சிங்கம் பெற்றது. விருதுப் பட்டியலுக்கு இதற்கு மேல் நேரம் ஒதுக்காதீர்கள்.

குழுவாக விவாதித்துப் படிப்பது எனக்கு ஒத்துவருவதில்லை. தனியாக, ஒரே காட்சியைப் பலமுறை ஓட்டிப் பார்ப்பவன் நான். அப்படிப் பிடிபட்டதுதான், வண்ணப் பெயர் கொண்ட அந்த மூன்று படங்களிலும் கண்ணாடிப் புட்டியைத் தொட்டிக்குள் போட முடியாமல் தடுமாறும் முதியவர். ‘நீலம்’ படத்தின் ஜூலி கண்மூடி வெயிலில் அமர்ந்திருக்கிறாள், ‘வெள்ளை’யின் கரோல் பார்த்துச் சிரிக்கிறான், ‘சிவப்பு’ படத்தின் வாலன்டைன் மட்டுமே எழுந்துபோய் உதவுகிறாள். இம்முறை அந்த மூன்று படங்களைப் பற்றி நான் எழுதியது இவ்வளவுதான், ஒன்றரைப் பக்கம்.