அப்பா பேர்ல இருந்த சர்வீஸ், மாடில 3 கிலோவாட் சோலார்: எங்க வீட்டு அனுபவம்

எங்க வீடு எண்ணூர் கத்திவாக்கத்துல. மொட்டமாடி ஏறினா வடக்கால அத்திப்பட்டு அனல்மின் நிலையத்து சிம்னி தெரியும். பழைய எண்ணூர் பிளான்ட்ட 2017ல மூடிட்டாங்க, ஆனா அத்திப்பட்டுல முதல் ரெண்டு ஸ்டேஜ் சேத்து 1,830 மெகாவாட், பக்கத்துலயே வல்லூர் பிளான்ட் 1,500, அதுக்கும் மேல 2024 மார்ச்ல மூணாவது ஸ்டேஜ் 800. அம்மா காய வெக்கிற வடகத்த எடுத்து உள்ளங்கைல தட்டினா சாம்பல் கலர்ல பொடி ஒட்டும். நாம போடுற ஏசிக்கும் அங்கதான நிலக்கரி எரியுதுன்னு ரொம்ப நாளா மனசுல உறுத்தல், அதான் சோலார் போட முடிவு பண்ணேன்.

வீட்டு மாடில சோலார் போட மத்திய அரசு நடத்துற பிஎம் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம். போர்ட்டல்ல பதிவு பண்ண சர்வீஸ் நம்பர் இருந்தா போதும்னு நெனச்சேன். ஆனா கனெக்‌ஷன் இறந்துபோன அப்பா பேர்ல இருந்துச்சு, அப்ளை பண்றவங்க பேரும் அதுவும் ஒண்ணா இருக்கணும். இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ், தங்கச்சிகிட்ட சம்மத கடிதம், வீட்டு வரி ரசீது எல்லாம் திரட்டி பேர் மாத்தவே ஒண்ணரை மாசம் ஓடிருச்சு. நீங்க போடப்போறீங்கன்னா முதல்ல ஈபி கார்ட எடுத்து யார் பேர்ல இருக்குன்னு பாருங்க.

அடுத்த தலைவலி பேனல். மானியம் வேணும்னா இந்தியாவுல செஞ்ச செல் போட்ட டிசிஆர் பேனலா இருக்கணும், நாங்க புடிச்ச வெண்டர் வேற பேனல மாடி ஏத்திட்டாரு. சர்டிபிகேட் கேட்டப்பதான் வெளிய வந்துச்சு, சண்டை போட்டு மாத்த 12 நாள்.

எல்லாம் மாட்டியாச்சு, ஆனா ஆன் பண்ண முடியாது, ஏன்னா உள்ள வர்ற கரண்டையும் வெளிய போற கரண்டையும் தனித்தனியா கணக்கு வெக்கிற நெட் மீட்டர் வரல. எங்க ஏரியா லைன்மேன் அண்ணன்தான் வெளக்கமா சொன்னாரு, "அவசரப்பட்டு போட்றாதீங்க தம்பி, பழைய மீட்டர் சிலது வெளிய போற கரண்டையும் நீங்க செலவு பண்ணதா ஓட்டிடும்"னு. கரண்ட் கட் ஆனா சோலாரும் தானா நின்னுடும், இல்லன்னா நம்ம கரண்ட் லைனுக்கு போயி கம்பத்துல ஏறி வேல பாக்குறவங்க உயிருக்கே ஆபத்துன்னும் சொன்னாரு. பேட்டரி இல்லாம போடுறவங்க இத தெரிஞ்சிக்கணும்.

மீட்டர் மாட்டின அன்னைக்கு மதியம் ஒரு மணி இருக்கும், வீட்ல ஃபேன் மட்டும்தான் ஓடுது. டிஸ்பிளேல இம்போர்ட் நம்பர் அப்படியே நிக்குது, எக்ஸ்போர்ட்னு வர்ற இன்னொரு நம்பர் ஏறிட்டே இருந்துச்சு. நம்ம மாடி கரண்ட் தெருவுல யாரோ வீட்டுக்கு போகுதுன்னு அம்மாகிட்ட சொன்னேன், அவங்க மீட்டர் முன்னாடியே சேர் போட்டு உக்காந்துட்டாங்க.

நாளைக்கு சராசரியா 12 யூனிட் வருது. வருஷத்துக்கு 4,000 யூனிட்டுக்கு மேல, அதாவது சுமார் 3 டன் கார்பன் டை ஆக்சைடு கொறையும். வெளிய போன யூனிட்ட கழிச்சிட்டுதான் பில்லு. பேனல் என் காசு, ஆனா அந்த ரெண்டு பக்க மீட்டரும் மிச்ச கரண்ட வாங்கிக்கிற லைனும் ஈபி குடுத்தாதான் உண்டு, அது இல்லன்னா மதிய வெயில்ல வர்றதுல பாதி வீணாதான் போகும். தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு மாதிரி சொந்த மாடி இல்லாதவங்களுக்கும் வழி வேணும், டெல்லில ஒரு இடத்துல போட்ட சோலார பல வீட்டு பில்லுல பிரிச்சு கழிக்க விதியே இருக்கு, நம்ம ஈபியும் அத செஞ்சே ஆகணும்னு நான் போற எடமெல்லாம் கேக்குறேன்.

ஞாயித்துக்கெழம காலைல வெயில் ஏறுறதுக்குள்ள ஈரத்துணியால பேனல தொடைக்கிறேன், ஒரு வாரத்துல துணி கருப்பாயிடுது, தொடைக்காம விட்டா யூனிட் கொறையுறது ஆப்ல தெரியுது. போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா அதப் பாத்துட்டு நாங்களும் போடலாமான்னு கேட்டாங்க. அவங்க கனெக்‌ஷன் மாமனார் பேர்ல இருக்கு, திங்கக்கெழம கூட வந்து ஃபார்ம் எழுதி குடுக்குறேன்னு சொல்லிருக்கேன்.