சட்பரியில் ஒரு மல்பெரி மரம்

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயிலேறி, மார்க்ஸ் டேயில் சின்ன வண்டிக்கு மாறினேன். அந்தக் கிளைப் பாதைக்கே ‘கெயின்ஸ்பரோ லைன்’ என்றுதான் பெயர். கடைசி நிலையம் சட்பரி. ஓவியர் தாமஸ் கெயின்ஸ்பரோ 1727-இல் பிறந்த ஊர்.

அவர் பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகம். நான் நேராகப் பின்புறத் தோட்டத்துக்குப் போனேன். அங்கே ஏறக்குறைய 400 வயதான மல்பெரி மரம் ஒன்று நிற்கிறது. தாமஸ் தவழ்ந்த காலத்திலேயே அது பெரிய மரம்தான். அதன் அடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். துணி வியாபாரியின் மகன். 13 வயதிலேயே ஓவியம் பயில லண்டன் போய்விட்டார். ஆனாலும் இந்த மண் அவர் கையை விட்டுப் போகவே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

முந்தின நாள் லண்டன் நேஷனல் கேலரியில் அவர் வரைந்த ஆண்ட்ரூஸ் தம்பதியின் படத்தைப் பார்த்திருந்தேன். 1750 வாக்கில் வரைந்தது. புதுமணத் தம்பதி இடது ஓரத்தில், ஓக் மரத்தடியில். மீதி முழுக்க சட்பரிக்குப் பக்கத்து வயல்: கதிர்க்கட்டுகள், ஆடுகள், திரண்டு வரும் மேகம். அந்தப் பெண்ணின் மடியில் ஓர் இடம் இன்றும் வரையப்படாமலே இருக்கிறது. வயலில் அப்படி எந்தக் குறையும் இல்லை!

சோறு போட்டது என்னவோ முகங்கள்தான். பாத் நகரிலும், 1774-க்குப் பிறகு லண்டனிலும் பிரபுக்களை வரைந்தார். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் குடும்பத்தையும் வரைந்தார். நண்பருக்கு எழுதிய கடிதத்தில், உருவப்படம் வரைந்து சலித்துவிட்டது, வயோலா ட காம்பா என்ற தந்தி வாத்தியத்தை எடுத்துக்கொண்டு ஏதாவது கிராமத்துக்குப் போய் நிலக்காட்சி வரைய வேண்டும் என்கிறார். போக முடியவில்லை. அதனால் மேசைமேலேயே ஊரை உண்டாக்கிக்கொண்டார். நிலக்கரித் துண்டு பாறை, பிராக்கோலி மரம், உடைந்த கண்ணாடி குளம். அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். அந்த மேசையை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அப்படி வரைந்த படங்கள் விற்காமல் அவர் வீட்டுக் கூடத்திலிருந்து ஓவிய அறைவரை வரிசையாக நின்றன. உருவப்படத்துக்கு வந்தவர்கள் அவற்றைக் கடந்துதான் உள்ளே போனார்கள். ஏறிட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

1788-இல், 61 வயதில் இறந்தார். அடக்கம் செய்தது இங்கே இல்லை, லண்டனை ஒட்டிய கியூவில்.

அப்புறம் ஸ்டூர் ஆற்றங்கரைப் புல்வெளியில் கால் வலிக்கும்வரை நடந்தேன். நாளைக்கு மறுபடி நேஷனல் கேலரிக்குப் போகிறேன். இந்த முறை அந்தப் படத்தின் வலது பக்கத்தை மட்டும் பார்க்க வேண்டும்.