விசில் ஊதுவதற்கு முன்னரே

தீயணைப்புப் பணியில் முதுகில் சுமக்கும் சுவாசக் கருவியைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, ஒரு சிலிண்டர் எத்தனை நிமிடத்துக்குக் காணும் என்பதைத்தான். கிளிநொச்சியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பல காலம் பணியாற்றிய பிறகும் அந்தக் கேள்விக்கு ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நாங்கள் பயன்படுத்தும் உருக்குச் சிலிண்டரின் கொள்ளளவு 6 லீற்றர். அதில் 300 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்துக்குக் காற்றை நிரப்பினால் 1800 லீற்றர் என்று பெருக்கல் சொல்லும். அவ்வளவு உயர்ந்த அழுத்தத்தில் காற்று அந்தப் பெருக்கலுக்கு முழுமையாகக் கட்டுப்படாது என்பதால் உண்மையில் இருப்பது அதனிலும் குறைவு. நிமிடத்துக்கு 40 லீற்றர் சுவாசிப்பவருக்கு அது முக்கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். தண்ணீர் நிரம்பிய குழாயை இழுத்து, முழந்தாளில் ஊர்ந்து, நெல் மூட்டைகளைப் புரட்டுபவர் நிமிடத்துக்கு 80 லீற்றரும் அதற்கு மேலும் எடுப்பார். அவருக்கு அதே சிலிண்டர் இருபது நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும்.

அழுத்தம் 55 பார் அளவுக்கு இறங்கும்போது கருவியிலுள்ள விசில் ஊதத் தொடங்கும். புதிதாகச் சேர்ந்த தம்பிமார் பலர், விசில் ஊதினால் வெளியேறத் தொடங்கலாம் என்றே நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அந்த நேரத்தில் சிலிண்டரில் எஞ்சியிருப்பது 330 லீற்றர் மட்டுமே. அமைதியாக நடப்பவருக்கு அது எட்டு நிமிடம். பதற்றத்துடன் வழி தேடுபவருக்கு நான்கு நிமிடமும் இராது. ஆகவே விசில் ஊதும்போது நாம் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதையே நான் பயிற்சியின் முதல் நாளிலிருந்து சொல்லி வருகிறேன். 2001 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் பல்பொருள் அங்காடி ஒன்று எரிந்தபோது, பிரெட் டார்வர் என்ற தீயணைப்பு வீரர் புகைக்குள் வழிதவறி, காற்றுத் தீர்ந்து உயிரிழந்தார். காற்று முகாமைத்துவம் பற்றிய சிந்தனையை அங்கே பெரிதும் மாற்றிய மரணம் அது. பின்னர் 2013இல் அந்நாட்டின் தரநிலை, எச்சரிக்கை ஒலி கால்பங்கு மீதியில் அல்ல, மூன்றில் ஒரு பங்கு மீதியிலேயே எழ வேண்டும் என்று மாற்றப்பட்டது. ஐரோப்பியத் தரத்தில் அமைந்த எங்கள் கருவியோ ஐந்தில் ஒரு பங்கை விடக் குறைந்த பிறகே ஊதுகிறது. அப்படியிருக்க, அந்த ஒலியை நம்பித் திட்டமிடுவது எவ்வகையிலும் பொருந்தாது.

நாங்கள் பின்பற்றும் கணக்கு எளிமையானது. உள்ளே போக எவ்வளவு காற்றுச் செலவானதோ, அதன் இரு மடங்கைத் திரும்பி வருவதற்கு ஒதுக்க வேண்டும். விசிலுக்குரிய 55 பாரை அதில் சேர்க்காமல் தனியே விட வேண்டும். 280 பாரில் நுழைந்தவர் நெருப்பு இருக்கும் இடத்தை அடையும்போது, சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் 230 காட்டினால், போன செலவு 50. திரும்பும் ஒதுக்கீடு 100. எனவே 155இல் வேலையை எந்த நிலையிலும் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இருவர் போனால் யாருடைய கேஜ் குறைவாக இருக்கிறதோ அவருடைய கேஜே இருவருக்கும் கேஜ். உள்ளே சில நிமிடங்களுக்கு ஒரு தடவை, "தம்பி, எத்தனையில நிக்குது?" என்று கேட்பேன். "நூற்றி எழுவது அண்ணை" என்று உடனே பதில் வந்தால் அவன் கேஜைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று பொருள். கேட்ட பிறகு தடவித் தேடுபவனை அந்த இடத்திலேயே என் பக்கத்துக்கு இழுத்துக்கொள்வேன்.

ஏன் இரு மடங்கு என்பதை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டியவை எரியும் கட்டடங்கள் அல்ல, கிணறுகள். வன்னியில் கோடை முற்றி நீர்மட்டம் இறங்கும்போது, மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்தைத் தோட்டக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி வைத்து இயக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றோட்டமற்ற கிணற்றில் அது தேங்கி நிற்க, இயந்திரத்தை நிறுத்த இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கிய சகோதரனும் விழுவார். அப்படியொரு கிணற்றில் நான் 270 பாருடன் ஏணியில் இறங்கினேன். அடியில் கால் வைத்தபோது கேஜ் 255 காட்டியது. இடுப்பளவு நீரில் நின்று, மயங்கிக் கிடந்தவரின் கைகளுக்குக் கீழாகக் கயிற்றைச் சுற்றி முடிச்சிட்டு, மேலே இழுப்பவர்களுக்காக அவருடைய உடலைத் தோளால் முட்டுக்கொடுத்து உயர்த்தி முடிக்கையில் அது 170க்கு வந்துவிட்டது. நனைந்த உடுப்புடனும் முதுகுச் சுமையுடனும் அதே ஏணியில் நான் ஏறி வெளியே வந்தபோது 130. இறங்க 15 பார். ஏற 40 பார். கிணற்றில் இரு மடங்கு என்ற ஒதுக்கீடு கூடப் போதாது என்பதால், இறங்கிய செலவின் மூன்று மடங்கை நாங்கள் இப்போது ஒதுக்குகிறோம். கரையில் நிற்கும் உறவினர்கள் அழுகையோடு அவசரப்படுத்தும்போது இந்தக் கணக்கைக் கைவிடாமல் இருப்பது கடினம், ஆனாலும் அங்கேதான் அது மிகவும் தேவைப்படுகிறது.

உள்ளே இருப்பவர் தன் கணக்கை மறந்தாலும் வெளியே ஒருவர் மறக்கக் கூடாது. அதற்காகவே நுழைவுப் பலகை இருக்கிறது: பெயர், நுழைந்த நேரம், நுழைந்த அழுத்தம், வெளியே வந்திருக்க வேண்டிய நேரம். 1958 ஜனவரியில் லண்டன் ஸ்மித்பீல்ட் இறைச்சிச் சந்தையின் நிலக்கீழ் அறைகளில் பரவிய நெருப்பில், சுவாசக் கருவி அணிந்து சென்ற இருவர் வெளியேற முடியாமல் இறந்த பிறகே, பிரித்தானியாவில் பெயர்த் தகடும் பலகையும் குறைந்த அழுத்த எச்சரிக்கையும் சீரான நடைமுறையாயின. எங்கள் பலகை சாதாரண வெள்ளைப் பலகைதான். அதைப் பிடிப்பவரிடம் வேறு எந்த வேலையும் சொல்லக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை, ஆள் எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

பலகையில் எழுதும் நேரம் சரியாக இருக்க, ஒவ்வொருவரும் எவ்வளவு சுவாசிக்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காகப் பயிற்சி நாட்களில் முழு உடுப்புடன் மைதானத்தைச் சுற்றி நடக்கவும், குழாயை இழுக்கவும், ஏணி ஏறவும் வைத்து, விசில் ஊதும் வரை எடுத்த நிமிடங்களை ஒரு கொப்பியில் ஆள்வாரியாகக் குறித்து வைத்திருக்கிறோம். சோளகம் அனலாக வீசும் மாதங்களில் நண்பகலில் எடுத்த குறிப்பும், மாரிகாலக் காலையில் எடுத்த குறிப்பும் ஒரே ஆளுக்கே வேறுபடுகின்றன. உடல் சூடேறினால் மூச்சும் வேகமாகிறது. தாடி வைத்திருப்பவரின் முகமூடி முகத்தோடு படியாமல், உள்ளிருந்து காற்று வெளியே கசிந்துகொண்டே இருக்கும் என்பதையும் அந்தக் கொப்பி காட்டிக்கொடுத்தது. சிலர் மிச்சம் பிடிக்க எண்ணி மூச்சை அடக்குவார்கள். அது தவறு. காபனீரொட்சைட்டு உடலில் சேர்ந்து, அடுத்த சில நிமிடங்களில் இரு மடங்கு வேகத்தில் மூச்சு வாங்க வைக்கும். வழக்கம்போல உள்ளிழுத்து, வெளிவிடும்போது மட்டும் தாழ்ந்த குரலில் "ம்ம்ம்" என்று நீட்டி விடுவதே பயன் தருகிறது. சிக்கிக்கொண்டவர் பதற்றத்தைத் தணிப்பதற்காக றெயிலி என்பவரின் பெயரால் வழங்கும் முறை அது.

அரிசி ஆலைகளில் உமி எரியும்போது சிக்கல் வேறு விதமாக வரும். சுவாலை அடங்கிய பிறகும் உமிக் குவியல் உள்ளுக்குள் மணிக்கணக்காகக் கனன்று காபனோரொட்சைட்டை விட்டுக்கொண்டிருக்கும். கையிலுள்ள சிலிண்டர்களோ அதற்குள் தீர்ந்துவிடும். மறுபடி நிரப்ப அவற்றை ஏ9 வீதி வழியாக இன்னொரு நகரத்துக்கு அனுப்ப வேண்டிய நிலைதான் நெடுநாள் இருந்தது. அப்போது எழும் ஆசை, நெருப்பு அணைந்துவிட்டதே என்று முகமூடியைக் கழற்றிவிட்டு உள்ளே நின்று கிளறுவது. நான் அதை அனுமதிப்பதில்லை. மண்வெட்டிக்காரர்களை உள்ளே அனுப்புவதை விடுத்து, பின்சுவரைத் திறந்து, ஜேசிபியால் உமியை வெட்டவெளிக்கு இழுத்துப் பரப்பி, காற்று வரும் பக்கத்தில் நின்று நனைப்போம். காற்றைச் சேமிக்கும் வழி, அது தேவைப்படாத இடத்துக்கு வேலையை மாற்றுவதே. ஆலை உரிமையாளர் சுவருக்காக வருந்தினாலும் இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

2016இல் கிளிநொச்சிப் பொதுச் சந்தை எரிந்த பிறகுதான் இந்தப் பகுதிக்குத் தீயணைப்பு வண்டி எவ்வளவு அவசியம் என்பதை எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். வண்டியைப் பற்றிப் பேசும் அளவுக்கு, சிலிண்டரில் காற்றை அழுத்தி நிரப்பும் கொம்பிரசரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. வேகமாக நிரப்பிய சிலிண்டர் சூடாகி 60 பாகையில் 300 பார் காட்டும். அது 30 பாகைக்கு ஆறியதும் 273 ஆகிவிடும். தொலைவில் நிரப்பி அவசரமாகக் கொண்டுவரும் சிலிண்டர்களில் இது வழக்கமாக நேர்கிறது. எனவே வந்தவுடன் பார்த்த கேஜை நம்பாமல், ஆறிய பிறகு மீண்டும் பார்த்து எழுதுகிறோம். 240க்குக் கீழே இருப்பதை வண்டியில் ஏற்றுவதில்லை. வன்னியில் புதிதாக ஒரு நிலையம் அமைக்கத் திட்டமிடுபவர்கள் வண்டியின் விலையோடு கொம்பிரசரின் விலையையும் ஒரே மதிப்பீட்டில் எழுத வேண்டும். அதன் உறிஞ்சு குழாய் வண்டி நிற்கும் கொட்டகையின் புகை எட்டாத பக்கம் பார்த்திருக்க வேண்டும். அதன் வடிகட்டிகளை உரிய காலத்தில் மாற்றும் செலவுக்கு ஆண்டுதோறும் தனியான ஒதுக்கீடும் வேண்டும்.