காம்போடு ஒரு சாமந்தி

டச்சு ஓவியர் மோந்த்ரியான் என்றதும் சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்கள்தான் ஞாபகத்துக்கு வரும், டி-ஷர்ட் முதல் செல்போன் கவர் வரை அதைப் போட்டு விற்றாகிவிட்டது. எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் அவர் வரைந்த பூக்கள். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

1908-09 வாக்கில் அவர் கரித்துண்டால் வரைந்த சாமந்தி ஒன்று நியூயார்க் குகன்ஹைம் மியூசியத்தில் இருக்கிறது. ஒரே ஒரு பூ. பூங்கொத்து வேண்டாம், ஒற்றைப் பூவாக வரைந்தால்தான் அதன் கட்டமைப்பு பிடிபடும் என்று பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். இதழ் இதழாகப் போய்ப் பாருங்கள், எது எதன்மேல் படிந்து எந்தப் பக்கம் சுருள்கிறது என்று ஒரு இன்ஜினியர் மாதிரி கணக்குப் பார்த்திருக்கிறார் மனிதர்.

ராயபுரத்தில் வளர்ந்த எனக்குச் சாமந்தி என்றால் வெறும் தலைதான். உதிரியாக வாங்கினால் கால் கிலோ, கட்டினது என்றால் முழம். ஆயுத பூஜைக்கு ஆட்டோவில் ஆரம்பித்து லேத் மெஷின் வரைக்கும் மாலை தொங்கும், ஆனால் அந்தப் பூவுக்கு இலை எப்படி இருக்கும் என்று யோசித்ததே இல்லை. தெருமுனைப் பூக்காரம்மா இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து வாழைநாரை ஒரு சுற்று சுற்றி இழுப்பார், முடிச்சுக்குக் கீழே காம்பு இருக்கிற இடமே தெரியாது. தண்டோடு கிடைக்குமா என்று கேட்டதற்கு, "எதுக்கும்மா, ஜாடியில சொருகவா? பொக்கே கடையில போய்க் கேளு" என்றார். சரிதான்.

அதே காலத்தில் ஜாடிப் பூக்களை வரைந்தவர்களில் ஓதிலோன் ரெதோன் தனி ரகம். பல வருஷம் கருப்பிலேயே கனவும் பேயுமாக வரைந்தவர், ஐம்பது வயதை ஒட்டித்தான் வண்ணத்துக்கு முழுசாக வந்தார். பாஸ்டல் என்கிற வண்ணக் குச்சிகளால் அவர் வரைந்த படங்கள் பலவற்றில் மேஜையும் இல்லை, சுவரும் இல்லை, ஜாடி அந்தரத்தில் நிற்கும். அழகுதான், ஆனால் கொஞ்ச நேரம் பார்த்தால் எனக்குத் திகட்டுகிறது.

மோந்த்ரியானுக்குப் பூ சோறும் போட்டது. பாரிஸில் கட்டங்கள் சரியாக விலைபோகாத 1920களில் நீர்வண்ணத்தில் பூ வரைந்து விற்றுத்தான் செலவைச் சமாளித்தார். வயிற்றுப்பாட்டு வேலை என்று அதை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது, காசுக்கு வரைந்ததாலேயே கை சோடை போய்விடுமா என்ன? இதில் வேடிக்கை, அவர் ஸ்டுடியோ ஜாடியில் இருந்தது ஒரு செயற்கை டூலிப், அதன் இலைக்கு வெள்ளை பெயின்ட் அடித்து வைத்திருந்தாராம், பச்சையே ஆகாது அவருக்கு.