பச்சை கேட்டும் அம்மாவோட வாக்கிங்கும்

அப்பா போனதுக்கப்புறம் அம்மா அழுது நான் பாத்ததே இல்ல, சரி தேறிட்டாங்கன்னு நெனச்சுட்டேன். ஆனா முதுகு வலிங்கறாங்க, ராத்திரி மூணு மணிக்கே முழிச்சுக்கறாங்க, டிவி ஓடும் பாக்க மாட்டாங்க, யாராவது போன் பண்ணா "அப்புறம் பேசறேன்னு சொல்லிடு". வயசு 68, இதெல்லாம் வயசுனால தான்னு நானே முடிவு பண்ணிட்டேன் பாருங்க, அங்க தான் தப்பு. வயசானவங்களுக்கு டிப்ரஷன் எப்பவும் சோகமா வராது, உடம்பு வலி, மறதி, எரிச்சல்னு வேஷம் போட்டுட்டு வரும்னு டாக்டர் சொன்ன பிறகு தான் உறைச்சுது.

அவர் மாத்திரையும் குடுத்தார், கூடவே தினம் நடக்கவும் சொன்னார். அம்மாவ கிளப்பறதுக்குள்ள எனக்கு மாத்திரை தேவைப்பட்டுச்சு. குனிஞ்சு லேஸ் கட்ட முடியலன்னாங்க, சரின்னு வெல்க்ரோ ஷூ வாங்கினேன். முதல் நாள் தெருமுனை வரைக்கும், பத்தே நிமிஷம், ஒரு வார்த்தை பேசல. நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ திடீர்னு நின்னு "இந்த வீட்டு கேட்டுக்கு எப்படி பச்சை பெயிண்ட் அடிச்சிருக்கான் பாரு, கண்றாவி"ன்னாங்க. அந்த பெயிண்ட் அடிச்சு ஆறு மாசம் இருக்கும்! ஆனா எனக்கு அவ்ளோ சந்தோஷம், ஏன்னா அம்மா குறை சொல்லியே ரொம்ப நாளாச்சு.

அப்புறம் தான் நானும் கொஞ்சம் தேடிப் படிச்சேன். தினம் பத்தாயிரம் ஸ்டெப்ஸ் நடக்கணும்ங்கற கணக்கு டாக்டருங்க ஆரம்பிச்சதே இல்லயாம், 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி ஸ்டெப் எண்ணுற மெஷின விக்க வெச்ச பேராம், அத நம்பி எத்தன பேர் நம்மால ஆகாதுன்னு உக்காந்துட்டாங்களோ. 2022ல பல ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்ததுல, வாரத்துக்கு ரெண்டரை மணி நேரம் வேகமா நடக்கற அளவு உடம்பு அசையறவங்களுக்கு, அசையாம இருக்கறவங்கள விட டிப்ரஷன் வர்ற ரிஸ்க் 25% கம்மியா இருந்துச்சாம், அதுல பாதி அசைஞ்சாலே 18% கம்மி. அதாவது சும்மா இருக்கறதுலேருந்து கொஞ்சம் நடக்க ஆரம்பிக்கறதுல தான் பெரிய லாபமே. மனசு சரியில்லாதவங்க நடக்கவே மாட்டாங்க, அதுவும் இந்தக் கணக்குல கலந்திருக்கலாம், அதனால இத மந்திரம்னு நான் சொல்ல வரல. மாத்திரைய நிறுத்திட்டு நடங்கன்னு சத்தியமா சொல்லல, அம்மா இன்னும் சாப்பிடறாங்க.

எனக்கு 49. மெனோபாஸ் நேரத்துல தூக்கமும் மூடும் எப்படி ஆடுதுன்னு எனக்கே தெரியுது, அதனால இப்ப நான் நடக்கறது அம்மாவுக்காக மட்டும் இல்ல. பகல் வெளிச்சம் பட்டா ராத்திரி தூக்கம் கொஞ்சம் பரவால்ல. வேகம்னா என்ன வேகம்னு கேட்டா, நடக்கறப்ப பேச முடியணும், பாட முடியக் கூடாது, அவ்ளோ தான்.

அம்மாவோட முதுகு வலி போகல. மழைன்னா ஹால்லயே செவுத்துக்கு செவுரு நடக்கறாங்க. இப்ப ரெண்டு வீடு தள்ளி இருக்கற ஒரு ஆன்ட்டியும் சேந்துட்டாங்க, மருமக கதை வந்துட்டா ரெண்டு பேரும் நடுரோட்ல நின்னுடறாங்க, நான் முனை வரைக்கும் போய் திரும்பி வந்தாலும் அதே இடத்துல தான் நிக்கறாங்க.