11 நாளாக அட்டை காய்ந்திருக்கிறது

வண்டிக்கு அடியில் விரித்து வைத்திருக்கும் பிரிட்ஜ் அட்டையைச் சொல்கிறேன். மூன்று மாதமாகக் காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன். வாசலில் அம்மா புள்ளிக் கோலம் போட, பின்பக்கம் என் வண்டி தன் பங்குக்கு ஆயில் புள்ளி வைக்கும். ஒவ்வொரு புள்ளியையும் பேனாவால் வட்டமிட்டுப் பக்கத்தில் தேதி எழுதி வைத்திருக்கிறேன். கடைசி வட்டம் போட்டு 11 நாள் ஆகிறது. இனிமேல் எழுதினால் கண் படாது என்று நினைக்கிறேன்.

வண்டி 1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் இன்ஜின். அப்பா வாங்கியது. இன்னமும் அவர் வண்டிதான். நான் அடியில் படுப்பவன், அவ்வளவே.

இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தகரத் தொட்டியான சேம்பர் அடி வாங்கியது எங்கள் தெருமுனையில். ராத்திரியோடு ராத்திரியாக யாரோ ஒரு வேகத்தடை போட்டுவிட்டார்கள். பெயிண்ட் இல்லை, பலகை இல்லை. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை என்றால் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். ஏறுவதே தெரியாமல் ஏறி இறங்க வேண்டும். மறுநாள் டேப் கொண்டுபோய் அளந்தேன். 16 செ.மீ. உயரம், ஒரு மீட்டர் அகலம்கூட இல்லை. 800-க்குத் தரையிலிருந்து 17 செ.மீ. இடைவெளி, அதுவும் ஆள் ஏறாதபோது. அன்றைக்கு உள்ளே நாலு பேர், டிக்கியில் ஒரு அரிசி மூட்டை. தகரக் கூரையில் தேங்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

உடனே இன்ஜினை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்ததால் தப்பித்தோம். "சிவப்பு லைட்தான் எரியலையே, ஓட்டிட்டே போலாம்" என்றார் அப்பா. அந்த விளக்கு ஆயில் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுவது. ஆயில் பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்க ஆரம்பித்த பிறகுதான் எரியும். அதற்குள் பேரிங் கதை முடிந்திருக்கும்.

வீட்டில் ஜாக்கி ஸ்டாண்டில் ஏற்றிப் பார்த்தால், சேம்பரின் அடியில் உள்ளங்கை அளவுக்கு ஒடுக்கு. ஆயிலை வடிக்கத் திறக்கும் திருகான டிரெய்ன் பிளக் பக்கத்தில் 4 செ.மீ. நீளத்துக்கு விரிசல்.

முதல் முயற்சியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, வெட்கமாக இருக்கிறது. கழற்றச் சோம்பல்பட்டு, பிசைந்து ஒட்டும் எபாக்சியை அப்பினேன். ஆயில் கசிந்துகொண்டிருக்கும் தகரத்தில் எதுதான் ஒட்டும்? இரண்டாம் நாள் முழுசாகக் கையோடு வந்தது, வடை மாதிரி.

இரண்டாவது முறை ஒழுங்காக இறக்கினேன். கிளட்ச் பக்கத்து அடித்தகடு, அப்புறம் சுற்றிலும் பத்து நம்பர் ஸ்பானர் பிடிக்கும் போல்ட்டுகள். சேம்பரை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, சலவை சோடா கலந்த வெந்நீரில் இரண்டு தடவை கழுவி, பட்டறைக்கு எடுத்துப் போனேன். தகரம் மெலிது, ஆர்க் வெல்டிங் வைத்தால் ஓட்டை பெரிதாகும். பட்டறை பாய் பார்த்ததுமே, "கரண்ட்ல வேணாம் தம்பி, கேஸ்ல பித்தளை போட்டுடலாம்" என்றார். ஒடுக்கை உள்ளிருந்து தட்டி எடுத்து, வெங்காரம் தூவி, விரிசல் முழுக்கப் பித்தளை ஓடவிட்டார். அழகான வேலை. இன்றைக்கும் அந்த இடத்தில் ஒரு சொட்டு இல்லை.

நம்பாமல் சோதித்தும் பார்த்தேன். சேம்பரின் வெளிப்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு பூசிக் காயவைத்து, உள்ளே விரிசல் மூழ்கும் அளவு மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க வைக்க வேண்டும். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் வெள்ளையில் ஈரக்கறை காட்டிக்கொடுத்துவிடும். மண்ணெண்ணெய் ஆயிலைவிட எவ்வளவோ நீர்த்தது. அதுவே கசியவில்லை என்றால் ஆயில் கசியாது. (பெட்ரோல் வைத்துப் பார்க்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.) காலையில் சுண்ணாம்பு வெள்ளைவெளேர் என்று இருந்தது. பசை போட்டு மாட்டி, புது ஆயில் ஊற்றி, அப்பாவை ஒரு சுற்று கூட்டிப்போய் வந்தேன்.

மூன்றாம் நாள் அட்டையில் ஒரு புள்ளி. நாலாம் நாள் மூன்று.

பித்தளை வைத்த இடம் காய்ந்தே இருந்தது. மேலே இன்ஜின் மூடியான டேப்பட் கவரிலிருந்து வழிந்து வருகிறதோ என்று சந்தேகம். 800-இல் அந்த மூடியின் பேக்கிங் கசிந்தாலும் ஆயில், இன்ஜினின் உடலான பிளாக் வழியே இறங்கி, சேம்பர் கசிவது போலவே ஏமாற்றும். இன்ஜினை நன்றாகத் துடைத்துவிட்டு, பிளாக்கின் பக்கவாட்டிலும் சேம்பர் விளிம்பைச் சுற்றியும் முகப்பவுடரை ஊதிவிட்டு, பத்து நிமிடம் ஓட்டினேன். மேலே பவுடர் அப்படியே இருந்தது. சேம்பர் விளிம்பில், ஆயில் பம்ப் உறையும் பிளாக்கும் சேரும் மூலையில் மட்டும் ஒரு கருப்புக் கோடு.

போல்ட் தளர்வாக இருக்கும் என்று எல்லாவற்றையும் அரைச் சுற்று முறுக்கினேன். கசிவு கூடியது. இன்னும் கால் சுற்று. இன்னும் கூடியது! ஒரு வாரம் இதே கூத்து. அட்டையில் இடமில்லாமல் திருப்பிப் போட்டேன்.

இந்தக் கட்டத்தில் அப்பா வாசல் நாற்காலியிலிருந்து தினமும் ஒரே வசனம்: "புதுசு வாங்கினா ஆயிரம் ரூபாகூட ஆகாது. மண்ணெண்ணெய்க்கே அதுக்கு மேல செலவழிச்சிட்டே." கணக்கு சரிதான். வாங்காமலும் இல்லை. ஒரு கடையில் 850 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். கையில் எடுத்ததுமே தெரிந்தது, பிஸ்கட் டப்பா கனம். வெர்னியரில் அளந்தால் நம்முடையது 1.2 மி.மீ., அது 0.8. விளிம்பு பெட்டியிலிருந்து எடுக்கும்போதே அலை அலையாக இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர், "அதெல்லாம் டைட் பண்ணா உக்காந்துரும் சார்" என்றார். டைட் பண்ணினால் உட்காராது என்பதைத்தான் ஒரு வாரமாக வண்டிக்கு அடியில் படுத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டை. கம்பெனியில் வந்த பழைய சேம்பர் ஒன்று நல்லதாகக் கிடைக்காதா என்று அரை நாள் அலைந்தேன். மூன்று கிடைத்தன. மூன்றும் என்னுடையதைவிட மோசமாக அடிபட்டவை. "800-ல அடி வாங்காத சேம்பர் எங்க சார் இருக்கு? அது ஷோரூம்லயே நின்ன வண்டியாத்தான் இருக்கணும்" என்றார் ஒருவர். தயாரிப்பு நின்றதே 2014 ஜனவரியில். ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் இரண்டு பழைய கண்ணாடிக் கைப்பிடியும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். புதுப்பேட்டைக்குப் போய் வெறுங்கையோடு வந்தவர் யாராவது உண்டா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதுவதே விளிம்புக்காகத்தான்.

சேம்பரின் விளிம்பு வெறும் தகரம். போல்ட்டின் தலை கீழேயிருந்து முறுக்கும்போது ஓட்டையைச் சுற்றியுள்ள தகரம் மேலே பிதுங்கிக் கொப்புளம் மாதிரி எழும். அந்தக் கொப்புளம்தான் முதலில் பிளாக்கில் போய் முட்டும். முட்டியதும் இரண்டு போல்ட்டுக்கு நடுவே உள்ள பகுதி பிளாக்கைத் தொடாமல் தொங்கிவிடும். மேலும் முறுக்கினால் கொப்புளம் உயரும், நடுவில் சந்து பெரிதாகும். 25 வருஷத்தில் எத்தனை கைகள் இதை "நல்லா டைட்" வைத்திருக்கும்! அதோடு பித்தளை வைத்த சூட்டில் விளிம்பின் ஒரு மூலை முறுக்கிக்கொண்டும்விட்டது. ஓட்டையை அடைப்பதிலேயே குறியாக இருந்த நான் இந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. பாய் மேல் ஒரு தப்பும் இல்லை. தகரத்தைச் சூடாக்கினால் அது நெளியத்தான் செய்யும், மாட்டுவதற்கு முன் நான் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது முறை இறக்கினேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய டீப்பாய்க் கண்ணாடி ஒன்று, 150 ரூபாய். அதன்மேல் சேம்பரைக் கவிழ்த்து, உள்ளே செல்போன் டார்ச்சை எரியவிட்டு, அறை விளக்கை அணைத்தேன். சுற்றிலும் பிறை பிறையாக வெளிச்சம் ஒழுகியது. வெளிச்சம் போகிற இடத்தில் ஆயில் போகாதா? சந்தை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்ததில் பம்ப் பக்கத்து மூலையில் 1.3 மி.மீ. சந்து.

பட்டறையில் கெஞ்சி ஒரு அடி நீளத் தண்டவாளத் துண்டை இரவல் வாங்கி வந்தேன். பிளாக்கில் உட்காரும் பக்கம் மேலே இருக்கும்படி விளிம்பைத் தண்டவாளத்தில் வைத்து, ஒவ்வொரு ஓட்டையின் கொப்புளத்தையும் சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். ஓங்கி அடிக்கவே கூடாது. அடித்தால் தகரம் விரியும், விரிந்தது போக இடமில்லாமல் பக்கத்தில் புது அலையாக எழும். முதல் நாள் மாலை இப்படித்தான் ஒரு இடத்தைச் சரிசெய்து இரண்டு இடத்தைக் கெடுத்தேன். கொப்புளத்தின் உச்சியில் அடிக்காமல் அதன் ஓரத்திலிருந்து வட்டமாக உள்ளே வர வேண்டும் என்று இரண்டாம் நாள்தான் கை கற்றுக்கொண்டது. நாலு தட்டு, கண்ணாடியில் வைத்து டார்ச், மறுபடி நாலு தட்டு. முறுக்கிக்கொண்ட மூலையை மட்டும் இரண்டு மரக்கட்டைக்கு நடுவே கிளாம்ப் போட்டுக் கையால் வளைத்தேன். அதற்குச் சுத்தியல் சரிப்படவில்லை.

மூன்று மாலை ஆனது. எதிர்வீட்டு மாமி பால்கனியிலிருந்து, "பாத்திரக் கடை வைக்கப் போறியாப்பா?" என்று கேட்டார். கடைசியில் எந்த இடத்திலும் 0.2 மி.மீ. தகடு நுழையவில்லை. விளக்கை அணைத்தால் ஒரே ஒரு கீற்று வெளிச்சம். அதைப் பசை பார்த்துக்கொள்ளும் என்று விட்டேன்.

மாட்டுவதற்கு முன் ஒரு குறுக்கு வேலை. ஒடுக்கு எடுத்த அடித்தட்டு, பம்ப் ஆயிலை உறிஞ்சும் சல்லடையான ஸ்ட்ரெய்னரை நெருங்கி நின்றால் பம்ப் ஆயிலுக்குத் திணறும். எவ்வளவு இடைவெளி என்று எப்படிப் பார்ப்பது? அம்மா சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஒரு உருண்டை எடுத்து, ஆயில் தடவி ஸ்ட்ரெய்னர் வாயின் மேல் ஒட்டி, சேம்பரைப் பசையில்லாமல் ஏற்றி இறக்கினேன். நசுங்கிய மாவின் கனம் 7 மி.மீ. போதும். மாவைத் துளி விடாமல் துடைத்து எடுத்தேன். அன்றைக்குச் சப்பாத்தி ஒன்று குறைந்தது யாருக்கும் தெரியாது.

பிளாக்கின் அடிமுகத்தைச் சுத்தம் செய்வது தனி நரகம். பழைய பசையை இரும்புச் சுரண்டியால் எடுத்தால் பம்பின் அலுமினிய உறையில் கீறல் விழும். காலாவதியான ஏடிஎம் கார்டின் ஓரம் போதும். ஆனால் தின்னர் போட்டு முகம் பார்க்கிற மாதிரி துடைத்து முடிக்கும் நேரம் பார்த்து, மேலே எங்கிருந்தோ ஒரு சொட்டு நிதானமாக இறங்கி வந்து அதன்மேல் விழும். போன முறை நான் கோட்டை விட்டது இங்கேயும்தான் என்று இப்போது தோன்றுகிறது. இந்த முறை இரண்டு ராத்திரி அப்படியே சொட்டவிட்டேன். பசை போடுவதற்குச் சற்று முன் கடைசித் துடைப்பு.

பசைக்கு அனபாண்ட் 666, நம்ம சென்னைக் கம்பெனியின் சரக்கு. ஜன்னலுக்குப் பூசுகிற, காடி நெடி அடிக்கும் சிலிக்கானை எடுத்துவிட வேண்டாம். அது ஆயிலைத் தாங்காது, இரும்பையும் அரிக்கும். 3 மி.மீ. கனத்தில் அறுபடாத ஒரே கோடு, ஓட்டைகளுக்கு உட்புறமாக. பம்ப் உறையும் பிளாக்கும் சேரும் மூலைகளில் மட்டும் கூடுதலாக ஒரு பொட்டு. தாராளமாகப் பிதுக்கினால் உள்பக்கம் வழிந்த பசை பின்னால் நூல் நூலாக அறுந்து ஸ்ட்ரெய்னரில் போய்ச் சிக்கும். போல்ட்டுகளை விரலால் மட்டும் முறுக்கி ஒரு மணி நேரம் விட்டேன். பிறகு எதிரெதிராக, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 11 நியூட்டன் மீட்டர். கைக்கு அது ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், இன்னும் கொஞ்சம் என்று மனசு கெஞ்சும். ரெஞ்ச் "டக்" என்றதும் கையை எடுத்துவிட வேண்டும். டிரெய்ன் பிளக்குக்குப் புது வாஷர். 24 மணி நேரம் கழித்துத்தான் ஆயில்.

அந்தக் குட்டி டார்க் ரெஞ்சும் பல்லாவரம் சந்தைச் சரக்குதான், 600 ரூபாய். அளவு சரியா என்று தண்ணீர் நிரப்பிய கேனைக் கைப்பிடியில் தொங்கவிட்டுப் பார்த்தேன். அதைத் தனியாக எழுத வேண்டும்.

அட்டையை அப்பாவும் தினமும் பார்க்கிறார் என்று தெரியும். கேட்டால், "செருப்பு தேடினேன்" என்கிறார். இன்னும் நீள ஓட்டம் ஓட்டவில்லை. செங்கல்பட்டு வரை போய்த் திரும்பி, சூட்டோடு சூடாகப் போல்ட்டுகளைப் பார்க்க வேண்டும். பார்க்க மட்டும்தான், முறுக்க இல்லை. டேப்பட் கவர் பேக்கிங் வாங்கி வைத்து ஒரு வருஷம் ஆகிறது, அதுவும் நிற்கிறது.

ஆனால் மனசு இப்போது சேம்பருக்குக் கீழே காப்பாக மாட்டும் ஒரு தகட்டில் இருக்கிறது. வேகத்தடை அப்படியேதான் இருக்கிறது, வண்டியும் உயரப் போவதில்லை. 3 மி.மீ. அலுமினியத் தகடு, முன்னால் வண்டியின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில் இரண்டு போல்ட், டிரெய்ன் பிளக்குக்கு நேராக ஒரு வட்ட ஓட்டை. அதைத் தொங்கவிட்டால் இருக்கிற இடைவெளியில் இன்னும் ஒரு செ.மீ. போய்விடுமே என்பதுதான் யோசனை. நேற்று பிரிட்ஜ் அட்டையின் ஒரு ஓரத்தை வெட்டி மாதிரி செய்து பார்த்தேன். வருகிற வெள்ளிக்கிழமை சந்தைக்கு அதை மடித்து எடுத்துப் போகிறேன்.