எத்தனை செக்கனில் நிற்கிறது?

கனடாவின் ஸ்காபரோவில் இந்த வீட்டை வாங்குவதற்கு முன் ஏழு ஆண்டுகள் நாங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் வாடகைக்கு இருந்தோம். அங்கே சுவரோரம் இருந்த ரேடியேட்டர் ஐப்பசி முதல் சித்திரை வரை சூடாகவே இருக்கும். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் நாங்கள் யோசித்ததில்லை. சொந்த வீட்டின் முதல் சனவரியில், வெளியே மைனஸ் 22 பாகையாக இருந்த ஓர் இரவில், வீட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் 21 என்று வைத்திருந்தும் வீடு 16க்கு இறங்கியபோதுதான், நிலத்தடி பேஸ்மென்டின் மூலையில் நின்ற, வாயுவை எரித்துக் காற்றைச் சூடாக்கி வீடெங்கும் அனுப்பும் ஃபர்னஸை முதன்முதலாக நின்று பார்த்தேன்.

அது வேலை செய்யாமல் இருக்கவில்லை. மூட்டியது, சில நிமிடங்கள் எரிந்தது, நின்றது. ஆனால் காற்றாடி மட்டும் தொடர்ந்து சுற்ற, தரையிலுள்ள துவாரங்களால் குளிர்காற்று வந்தது. பிறகு மறுபடியும் மூட்டியது. படிக்கட்டின் அருகே சிவப்புத் தகடு பதித்த சுவிட்சை அணைத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி, அன்றிரவு அதைப் பத்து முறையாவது அணைத்துப் போட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் அது கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாக எரிந்துவிட்டு மீண்டும் நின்றது. குழந்தைகளை ஒரே அறையில் படுக்க வைத்தோம். குளிரைவிட, தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்துவிடுமோ என்ற பயமே எனக்குப் பெரிதாக இருந்தது.

விடிந்ததும், எரிவாயுத் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்யும் ஊரவர் ஒருவரை அழைத்தேன். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் எரிவாயுக் கருவிகளில் கைவைக்க உரிமம் வேண்டும்; அவரிடம் அது இருந்தது. இயந்திரத்தைப் பற்றி நான் அடுக்கிய வர்ணனைகளை எல்லாம் விட்டுவிட்டு, அவர் தொலைபேசியில் ஒன்றை மட்டும் கேட்டார்: "மூட்டின பிறகு எவ்வளவு நேரத்தில நிக்குது எண்டு எண்ணிப் பாத்தனீரோ, தம்பி?"

எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அவர் வரும்வரை மணிக்கூட்டுடன் பேஸ்மென்டில் அமர்ந்து எண்ணினேன். தெர்மோஸ்டாட் கேட்டதும் முதலில் புகையை வெளியேற்றும் சிறிய விசிறி சுற்றத் தொடங்குகிறது. காற்றோட்டம் சரியாக இருப்பதை அழுத்த சுவிட்ச் உறுதிசெய்த பின்னரே மூட்டும் கம்பி சிவக்கிறது. அதன் பிறகு வாயு திறந்து தீ பிடிக்கிறது. இன்னும் அரை நிமிடமளவு கழிந்த பின்தான் பெரிய காற்றாடி சூட்டை வீட்டுக்குள் தள்ளுகிறது. இந்தப் படிகளில் எதுவரை போய் நிற்கிறது என்பதைக் கொண்டே நோயை ஏறக்குறைய ஊகித்துவிடலாம் என்றார் அவர். தீயே பிடிக்காமல் நின்றால் புகைக்குழாய், ஃபர்னஸில் சேரும் நீர் வடியும் குழாய், அழுத்த சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். தீ பிடித்துச் சில செக்கன்களில் அணைந்தால் தீயை உணரும் கம்பியைப் பார்க்கவேண்டும். நிமிடக் கணக்கில் எரிந்து நின்றால் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று கொள்ளவேண்டும்.

எங்களுடையது மூன்றாவது வகை. காரணம் நானேதான். மகளுக்கு இழுப்பு இருப்பதால், தூசியை நன்றாகப் பிடிக்கும் என்று கடையிலேயே விலை கூடிய, நெருக்கமான இழை கொண்ட காற்று வடிகட்டியை வாங்கி, ஃபர்னஸில் அதற்கென உள்ள ஓரங்குல இடத்தில் போட்டிருந்தேன். போட்ட பின் நான்கு மாதங்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே இழுத்தபோது சாம்பல் நிறக் கம்பளிபோல் இருந்தது. தாளிப்பும் சாம்பிராணியும் சேர்ந்து மணந்தது. அதோடு நிற்கவில்லை. பாவிக்காத அறைக்கு எதற்குச் சூடு என்று மூன்று அறைகளின் காற்றுத் துவாரங்களை மூடியிருந்தேன். காற்று திரும்பிப் போகும் பெரிய துவாரத்தை சோபாவால் மறைத்திருந்தேன். வெளிச்சம் தேவையில்லாத அறையில் விளக்கை அணைக்கும் வீட்டில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் சிக்கனமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் காற்று போதாமல், தீயின் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் உலோக அறையான வெப்பப் பரிமாற்றி கொதிக்க, சூடு அளவு மீறினால் இயங்கும் வெப்ப வரம்பு சுவிட்ச் தீயை அணைத்தது. அதாவது, இரவு முழுக்க நான் பழுது என்று திட்டிக்கொண்டிருந்தது, தன் கடமையைச் சரியாகச் செய்த ஒரு காவலாளியை. அந்த சுவிட்சைத் தவிர்த்து வயரை நேரடியாக இணைத்துவிடும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் கறுத்தது. பரிமாற்றி வெடிப்புக் கண்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வீட்டுக் காற்றில் கலக்கலாம், அதற்கு மணமில்லை.

வடிகட்டியைச் சாதாரணமான ஒன்றாக மாற்றி, துவாரங்களைத் திறந்து, சோபாவை நகர்த்தினோம். புதிய உதிரிப்பாகம் ஒன்றும் தேவைப்படவில்லை.

அடுத்த ஆண்டு கார்த்திகையில் அது மறுபடி நின்றது. இம்முறை நானே எண்ணினேன். தீ பிடித்து ஐந்தாறு செக்கனில் அணைந்தது, மூன்று முறை முயன்றது, பிறகு ஓய்ந்துவிட்டது. உள்ளேயிருந்த சிறிய விளக்கு எத்தனை முறை கண்சிமிட்டியது என்பதையும் அதன் பொருளைச் சொல்லும், ஃபர்னஸ் கதவின் உட்புற அட்டவணையையும் பார்த்துக்கொண்டு அவரை அழைத்தேன். தீயின் வழியே ஆம்பியரின் பத்து இலட்சத்தில் சில பங்கு மின்சாரம்தான் தீயை உணரும் கம்பியில் பாய்கிறது. கம்பியின் மேல் மெல்லிய படலம் படிந்தால் அதுவும் தடைப்பட்டு, தீ இல்லையென்று ஃபர்னஸைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை முடிவுகட்டி வாயுவை மூடிவிடுகிறது. அவர் மின்சாரத்தையும் வாயுவையும் நிறுத்தி, ஒரேயொரு திருகாணியைக் கழற்றி, கம்பியை மெல்லிய உருக்குப் பஞ்சால் துடைத்துத் திரும்பப் பூட்டினார். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

மாசியில் வந்த மூன்றாவது சம்பவத்துக்கு யாரையும் அழைக்கவில்லை. விசிறி மட்டும் சுற்றி, தீ பிடிக்காமலே நின்றது. டோர்ச்சுடன் வீட்டின் பக்கவாட்டுக்குப் போனேன். ஃபர்னஸுக்குக் காற்றை எடுக்கவும் புகையை வெளியே விடவும் சுவரிலிருந்து வெளியே நீண்டிருக்கும் இரண்டு வெள்ளைக் குழாய்களும் காற்று குவித்த பனிக்குள் புதைந்து கிடந்தன. கையாலேயே தோண்டி எடுத்தேன். குழாய்களின் இடத்தை அடையாளம் காண ஒரு தடியை நட்டுவைத்திருக்கிறேன். பனி கொட்டும் இரவுகளில், கார் நிற்கும் இடத்தை வழிப்பதற்கு முன் அந்தத் தடியருகே போய்விட்டுத்தான் வருகிறேன்.